வலிக்காத காலும் ஒரு கைக்கண்ணாடியும்

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். செருப்பைக் கழற்றியபோது அவர் காலில் கார்ன் கேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

"சார், உங்களுக்குச் சர்க்கரை இருக்குல்ல?" என்றேன்.

"அது பதினஞ்சு வருஷமா இருக்கு. இது சும்மா கால் ஆணிதானே!" என்றார்.

அவரை உட்கார வைத்து என் கதையைச் சொன்னேன். நம் வயதுக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

என் கால் ஆணிக்கு வயது அறுபதுக்கு மேல். புதுச்சேரியில் பிரெஞ்சுவழிப் பள்ளியில் படித்தபோது ஷூ கட்டாயம். அண்ணனுக்குச் சிறிதாகிப் போன ஷூ எனக்கு வரும். எனக்கும் அது சிறிதுதான். ஆசிரியர் ஷூவின் பளபளப்பைப் பார்ப்பார். உள்ளே நசுங்கும் விரல்களை யார் பார்த்தார்கள்? கால் ஆணிக்குப் பிரெஞ்சில் 'கொர்' என்று பெயர். விரலிடுக்கில் வருவதை 'எய் த பெர்த்ரி', அதாவது கவுதாரிக் கண் என்பார்கள். அவர்களுக்குக் கண்ணாகத் தெரிந்தது நமக்கு ஆணி. நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் எது பொருத்தமென்று.

வேலைக்குப் போன பிறகும் ஆணி தடித்தால் பிளேடால் சீவிவிடுவேன். ஐம்பது வயதில் சர்க்கரை வந்தது. பிளேடு பழக்கம் போகவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் இடது கட்டைவிரலுக்குக் கீழே ஆணி பெரிதானது. கார்ன் கேப் வாங்கி ஒட்டிக்கொண்டு, வழக்கம்போல் கடற்கரைச் சாலையில் நடந்தேன். நான்காம் நாள் என் மனைவி, "என்னங்க, கூடத்துல ரத்தக் கறையா இருக்கே, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். காலைத் திருப்பிப் பார்த்தால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். துளி வலி இல்லை.

மருத்துவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். பல இடங்களில் அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை.

"நரம்பு மரத்துப் போச்சு சார். கார்ன் கேப்புல சாலிசிலிக் அமிலம் இருக்கு. அது நல்ல தோலையும் அரிச்சிடும். மத்தவங்களுக்கு எரியும், பிச்சுப் போட்டுடுவாங்க. உங்களுக்கு எரியல" என்றார். புண் எலும்பு வரை போயிருந்தால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். காலை ஊன்றாமல் இரண்டு மாதம் கட்டுப் போட்டு விரல் தப்பியது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊரார் கோப்புகளையெல்லாம் புரட்டிப் பார்த்தவன், என் பாதத்தை ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லை.

இப்போது தினமும் படுக்கப் போகுமுன் கைக்கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு எல்லாம் பார்க்கிறேன். சிவப்பு, கொப்புளம், கீறல் எது தெரிந்தாலும் மறுநாளே மருத்துவர்தான். குளித்ததும் விரலிடுக்கை ஒற்றித் துடைக்கிறேன். மழைக்காலச் சேற்றுப்புண் ஈரத்தில்தான் வளரும். பித்தவெடிப்புக்கு இரவில் குதிகாலில் வாசலின் தடவுவேன், விரலிடுக்கில் மட்டும் கூடாது. நகத்தை ஓரம் வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுகிறேன். வெந்நீரின் சூட்டை மனைவி கைவிட்டுப் பார்த்துச் சொன்ன பிறகே கால் வைப்பேன். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்புதான், போடுமுன் உதறிப் பார்ப்பேன். புதுச் செருப்பை மாலையில் வாங்குகிறேன், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. வெயில் காலத்தில் கோயிலுக்கு விடியற்காலையிலேயே போய்விடுகிறேன். பிரகாரத்துக் கல் சுட்டால் என் காலுக்குத் தெரியாது.

இவ்வளவையும் கேட்ட நண்பர் அங்கேயே கார்ன் கேப்பைப் பிரித்தார். கீழே தோல் வெளுத்து ஊறியிருந்தது, புண் இல்லை. அன்று மாலையே மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

நீங்களும் இன்றிரவு ஒரு முறை காலைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.