கை வைக்கும் முன் கருதுக

மும்பையை அடுத்த தாணேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அந்நாள்களில் குடியிருப்பு வளாகங்களில் காலைதோறும் ஒரு காட்சியைக் காணலாம். சாவியைத் திருப்பியும் கார் கிளம்பாது. உரிமையாளர் மீண்டும் மீண்டும் திருப்புவார். அருகில் நிற்போர் ஆளுக்கொரு யோசனை கூறுவர். சில நாள்களாகவே எஞ்சின் மெல்லச் சுழன்று தன் குறையை உணர்த்தியிருக்கும், கவனிப்பார்தாம் இல்லை.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்தளிக்க வேண்டும் என்பது திருவள்ளுவர் காட்டிய நெறி. அது எந்திரத்திற்கும் பொருந்தும். சாவியைத் திருப்பும்போது ‘டிக்’ என்னும் ஒலி மட்டும் எழுந்து, முகப்பு விளக்கும் மங்கினால், பேட்டரி வலுவிழந்தது எனலாம். முழு மின்னேற்றம் பெற்ற கார் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அதன் முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவும் மின்னோட்டத்தைத் தடுக்கும். கையுறை அணிந்து, எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் படிவைத் துடைக்கலாம். நன்கு உலர்ந்தபின் எதிர்முனையைக் கடைசியாக மாட்ட வேண்டும். பெரியவர் துணையுடன் வீட்டிலேயே செய்யத்தக்க பணி இது. ஆயினும் சில நாளில் பேட்டரி மீண்டும் ஓய்ந்தால், அதற்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில் குறை இருக்கலாம். அதனைக் கண்டறியாமல் புதிய பேட்டரி வாங்கினால், அதுவும் ஓய்ந்துபோகும்.

கார் கிளம்பாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சாலைகளில் எண்ணற்ற கார்கள் நீரில் நின்றுபோயின. அவ்வாறு நின்ற காரை மீண்டும் கிளப்ப முயல்வது பெருந்தவறு. காற்று செல்லும் வழியே சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கலாம். அழுத்தினால் காற்று சுருங்கும், நீர் சுருங்காது. மேலெழும் பிஸ்டனுக்கு நீர் இடங்கொடாமையால் அதன் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். ஒருமுறை சாவியைத் திருப்பியதற்கு எஞ்சினையே விலையாகக் கொடுக்க நேரும். அன்றைய வெள்ளத்தில் கதவும் கண்ணாடியும் திறவாமல் காருக்குள்ளேயே சிக்கி மாண்டோரும் உண்டு. எனவே நீர் உயர்ந்தால், ஊர்தியை விட்டு விரைந்து வெளியேறுவதே முதற்கடன்.

தாணே மாவட்டத்துப் பிவண்டிக் கிடங்குகளுக்குப் பல மாநிலங்களிலிருந்து லாரிகள் வருகின்றன. நாசிக் செல்லும் லாரிகள் கசாரா மலைப்பாதையைக் கடப்பதுண்டு. தேர்ந்த ஓட்டுநர் புறப்படுமுன் சக்கரங்களைத் தட்டிப் பார்ப்பார். காற்றுப் பிரேக்கின் தொட்டியில் தேங்கிய நீரை வடிப்பார். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதால், இறக்கத்தில் குறைந்த கியரிலேயே செல்வார். ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுவார். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும் என்பதை அவர் அறிவார்.

டயரின் காற்று, துடைப்பானின் ரப்பர், விளக்கு, பேட்டரி முனை ஆகியவற்றை வீட்டில் கவனிக்கலாம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் தேர்ந்த மெக்கானிக்கிடம் செல்ல வேண்டியவை. இவ்வேறுபாட்டை அறிந்தவரே ஊர்தியைப் பழுதுபார்க்கத் தகுந்தவர்.

சொற்பொருள்
படிவு – படிந்த பொருள்
முதற்கடன் – முதன்மையான கடமை
மாண்டோர் – இறந்தோர்

சிந்தித்து எழுதுக
1. நீரில் நின்றுபோன காரை ஏன் மீண்டும் கிளப்பக்கூடாது?
2. உங்கள் வீட்டில் பழுதான ஒரு பொருளின் அறிகுறியையும் காரணத்தையும் ஐந்து வரிகளில் எழுதுக.