மிளகும் மிளகாயும்

சென்ற ஞாயிறன்று சிறுமகளுடன் சிக்கந்தராபாத் மோண்டா மார்க்கெட்டுக்குச் சென்றிருந்தோம். ரசத்துக்கு மிளகு தேவைப்பட்டது. அவசரத்தில் "மிர்ச்" என்று மட்டும் சொல்லிவிட்டோம். கடைக்காரர் சிவந்த மிளகாய் வற்றலை அள்ளித் தராசில் இட்டார். "காலி மிர்ச் என்று கேட்க வேண்டும், அப்பா" என்று மகள் திருத்தினாள். இந்நகரிலேயே பிறந்தவள், உருதுவில் நமக்கு அவளே ஆசிரியை.

உண்மையில் பிழை நம்முடையது மட்டுமன்று. "மிர்ச்" என்பது மிளகைக் குறித்த "மரீசம்" என்னும் வடசொல்லின் வழிவந்தது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியே நம் மேற்குக் கரையில் இறங்கிற்று. காரம் ஒன்றே உறவாக, மிளகின் பெயரையே அதற்கு இட்டனர் நம் மக்கள். தமிழர் "காய்" சேர்த்து மிளகாய் என்றனர். தெலுங்கரும் மிளகை மிரியாலு என்றும், மிளகாயை மிரபகாய என்றும் பிரித்து வைத்தனர். உருதுவிலோ வந்த விருந்தாளி வீட்டையே பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் "கறுப்பு" என்ற அடைமொழியுடன் திண்ணைக்கு வந்துவிட்டார்! இந்தோனேசியாவிலும் இதே கதைதான். திப்பிலி இனத்தைச் சேர்ந்த ஒன்றுக்கு வழங்கிய "சபே" என்னும் பெயர் மிளகாய்க்குப் போயிற்று. பழையது இன்று "சபே ஜாவா", அதாவது ஜாவா மிளகாய்.

ஐதராபாத்தில் மிளகாய் வெறும் காரச் சரக்கன்று, காய்கறியே ஆகிவிட்டது. பிரியாணிக்குத் துணையாக வரும் "மிர்ச்சி கா சாலன்" உண்டவர் அறிவர். நீண்ட பச்சை மிளகாயைக் கீறி எண்ணெயில் வதக்கி, வறுத்தரைத்த நிலக்கடலை, எள், தேங்காய் விழுதில் புளி கரைத்துக் கொதிக்க விடுகின்றனர். அந்த நிலக்கடலையும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. இங்கே அதன் பெயர் "பல்லி". கடைக்காரர் "பல்லி வேண்டுமா?" என்று முதன்முதல் கேட்டபோது நாம் சுவரை நிமிர்ந்து பார்த்தது வேறு கதை.

இவற்றையெல்லாம் வீடு திரும்பும் வழியில் மகளுக்குச் சொன்னோம். "அப்படியானால் மிளகாய் தமிழ்ச்சொல்தானா?" என்று கேட்டாள். "காய்தான் வெளிநாடு, சொல் நம்முடையது" என்றோம். அன்று மாலை தன் தமிழ்க் குறிப்பேட்டில் இரு சொற்களையும் எழுதிக் காட்டினாள். "மிழகு, மிழகாய்" என்றிருந்தது. இம்முறை நாம் திருத்தினோம்.