நாற்பத்தெட்டு மணி நேரமும் ஒரு திங்கட்கிழமையும்

48 மணி நேரம் என்பது இரண்டு நாள். இதில் யாருக்கும் தகராறு இல்லை. அந்த இரண்டு நாளும் தகவல் வாங்கிக்கொள்ள வேண்டிய ஆபீஸ் பூட்டிக் கிடந்தால் அந்த நேரம் ஓடியதாகக் கணக்கா, இல்லையா என்பதில்தான் தகராறு. உடன்குடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவருக்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நான் நடத்திய ரிட் மனு, சுற்றிச் சுற்றி இந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. சின்ன வழக்கு, சட்ட இதழ் எதிலும் வரவில்லை. ஆனால் முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவத் திட்டம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதில் கடலோரத்து ஊர்க்காரர் எந்தப் படியில் இடறுகிறார் என்பதை எந்தக் கையேட்டையும்விட அந்த வழக்குக் கட்டு எனக்குத் தெளிவாகக் காட்டியது.

நடந்தது 2016-ல். சனிக்கிழமை முன்னிரவில் அவருக்கு நெஞ்சுவலி. மனைவியும் பக்கத்து வீட்டுப் பையனுமாக ஆட்டோவில் ஏற்றித் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர் ஓர் ஊசியைப் போட்டு, தாமதிக்காமல் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ்காரர் தனக்குப் பழக்கமான தனியார் மருத்துவமனையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்; சேர்க்கும்போது இரவு மணி பதினொன்று. விடிவதற்குள் ஆஞ்சியோ, ஸ்டென்ட் எல்லாம் முடிந்தது. மறுநாள் ஞாயிறு, தகவல் சொல்ல வேண்டிய இடமான திட்டத்தின் பாலிகிளினிக் கிடையாது. திங்கள் அரசு விடுமுறை. செவ்வாய் காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போது அந்த அம்மா கார்டும் கையுமாக வாசலில் நின்றார். சனி இரவிலிருந்து எண்ணினால் 58 மணி நேரம். பில் இரண்டே முக்கால் லட்சத்துக்கு வந்தது. பல மாதம் கழித்து வந்த பதில் இரண்டே வரி: சிகிச்சை பெற்ற மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இல்லை, உரிய நேரத்துக்குள் தகவல் தரப்படவில்லை, ஆகவே நிராகரிக்கப்படுகிறது.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் இந்தத் திட்டத்தையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். அது மாநில அரசின் அலுவலகம். இது மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய பங்களிப்பு சுகாதாரத் திட்டம். கார்டு வைத்திருப்பவர்கள் வாயில் அது இ.சி.எச்.எஸ். டெல்லியில் தலைமை அலுவலகம். மேஜர் ஜெனரல் அந்தஸ்தில் ஒருவர் நிர்வாக இயக்குநர். அவருக்குக் கீழே நாடு முழுவதும் 30 மண்டல மையங்கள். அவற்றின் கீழ் 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள். இவற்றின் அன்றாட நிர்வாகம் அந்தந்த வட்டாரப் படை நிலையத் தலைமையகத்தின் கையில். பாலிகிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் டாக்டர், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன், பொறுப்பு அதிகாரி எல்லோருமே ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். மேலே படையின் ஒழுங்கு, கீழே வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்படும் வேலை. இந்த அமைப்பின் பலமும் பலவீனமும் இரண்டுமே இங்கேதான் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

நோயாளி நடக்க வேண்டிய வழியும் படையின் வரிசைதான். எந்த நோயானாலும் முதலில் பாலிகிளினிக். அங்கே முடியாது என்றால் ஒரு ரெஃபரல் சீட்டு. பக்கத்தில் ராணுவ மருத்துவமனை இருந்து, அங்கே வசதியும் கட்டிலும் இருந்தால் அங்கே போக வேண்டும். இல்லையென்றால் திட்டத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் மருத்துவமனையில் கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். மருத்துவமனை தன் பில்லை ஆன்லைனில் அனுப்பும்; அதைச் சரிபார்ப்பதற்கென்றே 2012 முதல் ஒரு வெளி நிறுவனத்தை அமர்த்தினார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் சீட்டில்லாமல் எங்கே வேண்டுமானாலும் சேரலாம். பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் முதலில் நாமே பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டும். சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குச் சொல்லிவிட வேண்டும்.

காகிதத்தில் இந்த வரிசையில் குறை சொல்ல முடியாது. கன்டோன்மென்ட் ஊர்களில் வசிப்பவருக்கு பாலிகிளினிக்கும் ராணுவ மருத்துவமனையும் ஒரே சாலையில் இருக்கும். உடன்குடிக்காரருக்கு பாலிகிளினிக் என்றால் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏற வேண்டும். போக வர ஒரு நாள் போய்விடும். ராணுவ மருத்துவமனை என்றால் நாகர்கோவிலைத் தாண்டித் திருவனந்தபுரம் பாங்கோடு. உறுப்பினர் எண்ணிக்கையை வைத்து பாலிகிளினிக்கின் அளவைத் தீர்மானிக்கும் விதியில், ஒரு தேரிக்காட்டுக் கிராமத்திலிருந்து அங்கே வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்ற கணக்குக்கு இடமில்லை.

கட்சிக்காரர் ஓய்வுக்குப் பிறகு பதனீர்ப் பருவத்தில் கருப்பட்டி வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர். வழக்குக் காகிதங்களை அவர் மனைவி கொண்டுவந்தது ஒரு பனையோலைப் பெட்டியில். டிஸ்சார்ஜ் சம்மரியின் மேல் ஓரத்தில், சேர்த்த தேதியும் நேரமும் இருக்கிற இடத்தில் சரியாக, கருப்பட்டிப் பிசுக்கு. ஜெராக்ஸில் அந்த வரி கறுத்துப் போனதால் மருத்துவமனையிலிருந்து இன்னொரு பிரதி வாங்கிப் பிறகுதான் மனுவையே தாக்கல் செய்ய முடிந்தது. மணிக்கணக்கில் நிற்கப்போகிற வழக்கு என்பதால் அந்த ஒரு வரிதான் எங்களுக்கு உயிர்.

எதிர்த்தரப்பு வாதத்தை நான் இன்றும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. இது ராணுவத்தினர் விவகாரம், சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகட்டும் என்று முதலில் ஓர் ஆட்சேபம் வந்தது; நீதிபதி அதில் நேரம் செலவிடவில்லை. அடுத்து வந்ததுதான் கனமான வாதம். அவசரம் என்ற வாசலுக்குக் காவல் இல்லாவிட்டால் எல்லா பில்லும் அந்த வாசல் வழியாகவே வரும். ரெஃபரலுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். நோயாளி கட்டிலில் இருக்கும்போதே தகவல் வந்தால்தான் அவர் உண்மையிலேயே சேர்க்கப்பட்டாரா என்று போய்ப் பார்க்க முடியும். இந்தத் திட்டத்தை மட்டும் தனியே ஆராய்ந்து மத்திய தணிக்கைத் துறை 2015-ல் அளித்த அறிக்கையில் மருத்துவமனைகள் கூடுதலாகப் பணம் பெற்ற கதைகளைப் படித்தவர்கள், இந்தப் பயம் வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டார்கள். தொலைபேசியிலாவது சொல்லியிருக்கலாமே என்றும் எதிர்மனுவில் எழுதியிருந்தார்கள். அதை வாசித்துக் காட்டியபோது அந்த அம்மா கேட்டது: “பூட்டிக் கெடக்க ஆபீஸுக்குப் போன் போட்டா, பூட்டா எடுக்கும் வக்கீலய்யா?”

இதை அப்படியே நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. ஆனால் இதே கேள்வியை நம் சட்டம் 1897-லேயே கேட்டுப் பதிலும் சொல்லி வைத்திருக்கிறது. பொது வாசகங்கள் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் 10-ஆம் பிரிவின்படி, ஒரு காரியத்தைச் செய்வதற்கான கெடுவின் கடைசி நாளில் அலுவலகம் மூடியிருந்தால், அடுத்து அலுவலகம் திறக்கும் நாளில் செய்தாலும் கெடுவுக்குள் செய்ததாகவே கொள்ள வேண்டும். எங்கள் 48 மணி நேரம் முடிந்தது திங்கள் இரவு பதினொரு மணிக்கு. திங்கள் விடுமுறை. அடுத்துத் திறந்தது செவ்வாய். அந்தப் பிரிவு நாடாளுமன்றச் சட்டங்களுக்குத்தான் பொருந்தும், இதுவோ வெறும் நிர்வாக உத்தரவு என்றார் மத்திய அரசு வழக்கறிஞர். எழுத்துப்படி அவர் சொன்னது சரிதான். சட்டத்துக்கே தன் கெடுவில் இந்த இரக்கம் உண்டென்றால், அதைவிடக் கீழ்ப்படியில் உள்ள ஒரு நிர்வாக உத்தரவு அதைவிடக் கறாராக எப்படி இருக்க முடியும் என்பது என் பதில்.

அதோடு நிற்காமல் இன்னொரு தீர்ப்பையும் எடுத்துப் போட்டேன். அது முன்னாள் ராணுவத்தினர் தோற்ற வழக்கு. பணியிலிருப்பவருக்குக் கிடைப்பதுபோல முழு இலவச மருத்துவம் எங்கள் அடிப்படை உரிமை என்று முன்னாள் ராணுவத்தினர் சங்கங்களின் கூட்டமைப்பு 1999-ல் உச்ச நீதிமன்றம் போனது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 2003-ல் இந்தத் திட்டம் வந்தது. ஓய்வூதியத்தைப் பொறுத்து 1,800 ரூபாயில் தொடங்கி 18,000 வரை ஒருமுறை சந்தா. சந்தா வாங்குவதே தவறு என்று வாதாடினார்கள். 2006 ஆகஸ்ட் 22 அன்று அரசியல் சாசன அமர்வு அதை ஏற்க மறுத்தது. பணியிலிருப்பவரும் ஓய்வுபெற்றவரும் ஒரே வகுப்பல்லர். ஒரு முறை வாங்கும் நியாயமான பங்களிப்பு யாருடைய உரிமையையும் பறிப்பதாகாது என்றது. அந்த நாளில் பல முன்னாள் படைவீரர்களுக்கு அது கசந்த தீர்ப்பு.

எனக்கோ அது கையிலிருந்த நல்ல ஆயுதம். இலவசமாகத் தருகிறவன் நிபந்தனை போடலாம். பணம் வாங்கிக்கொண்டவன் அப்படிப் பேச முடியாது. அதிலும் என் கட்சிக்காரர் ஓய்வு பெற்றது 2005-ல். 2003 ஏப்ரலுக்குப் பிறகு ஓய்வூதியத்தோடு வெளியே வந்த எவருக்கும் இதில் சேர்வது விருப்பமல்ல, கட்டாயம். சந்தாவைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்பினார்கள். பங்களிப்பு செல்லும் என்று 2006-ல் ஜெயித்த அரசு, அந்தப் பங்களிப்பு ஒரு கடமையை உண்டாக்குகிறது என்பதைப் பத்து வருஷம் கழித்து மறுக்க முடியாது என்று வாதாடினேன். சந்தாவே கட்டாத, 1996 ஜனவரிக்கு முன் ஓய்வுபெற்ற ஒருவருக்காக வந்திருந்தால் இந்த வாதம் என்னிடம் இருந்திருக்காது. அவருக்கு உள்ள நியாயம் இவருக்குள்ளதைவிட ஒரு துளியும் குறைந்ததல்ல என்பது வேறு விஷயம்.

நீதிபதிக்கு ஒரு தயக்கம் இருந்தது. எல்லோருக்கும் ஒரே விதி என்றால் இவருக்கு மட்டும் ஏன் தளர்த்த வேண்டும் என்று கேட்டார். அதற்குள் 2018 ஏப்ரலில் சிவகாந்த் ஜா வழக்கின் தீர்ப்பு வந்திருந்தது. அவர் ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி. இதய சிகிச்சை எடுத்த மருத்துவமனை பட்டியலில் இல்லையென்று அவர் பணத்தை நிறுத்தியிருந்தார்கள். சிகிச்சை உண்மையிலேயே நடந்ததா, அதற்கு மருத்துவச் சான்று இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் அதை நீட்டினேன். மத்திய அரசு வழக்கறிஞரும் தயாராகத்தான் வந்திருந்தார்: பணம் தரச் சொன்ன முடிவு அந்த வழக்கோடு மட்டும் நிற்கும் என்று அதே தீர்ப்பில் ஒரு வரி உண்டு, அதை வாசித்தார். பெரிய நீதிமன்றம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் சுருக்கிக்கொள்ளும் இந்த வழக்கம் எங்களைப் போன்றவர்களுக்குப் புதிதல்ல. முடிவு அந்த வழக்கோடு நிற்கலாம், அதற்குச் சொன்ன காரணம் நிற்காது என்று சொல்லி உட்கார்ந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரக் கெடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கென்று அரசே சொந்தமாக மருத்துவமனைகள் நடத்துகிறது, மண்டலம் மண்டலமாகப் பிரித்து. அங்கும் வெளி மருத்துவமனையில் அவசரமாகச் சேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். ஆனால் 2018-ல் இயற்றிய ஒரு சட்டத்தின் வழியே அவர்கள் தூரத்தையும் விதிக்குள் கொண்டுவந்தார்கள். சாதாரண சிகிச்சைக்குக் காரில் சராசரியாக 30 நிமிஷத்துக்கு மேலும், சிறப்பு மருத்துவத்துக்கு 60 நிமிஷத்துக்கு மேலும் ஆகுமென்றால், வெளியே சிகிச்சை பெற நோயாளிக்குத் தகுதி உண்டு. அந்த அளவுகோலை நம் கடற்கரையில் வைத்துப் பார்த்தால் உடன்குடி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு எல்லாமே வெளியில்தான் நிற்கும்.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது, ஆனால் நான் கேட்டபடி அல்ல. நிராகரிப்பு ரத்து, செவ்வாய் காலை கொடுத்த தகவலைக் கெடுவுக்குள் கொடுத்ததாகவே கொள்ள வேண்டும், நோய் அவசரமானதுதானா என்பதை மருத்துவ ஆவணங்களை வைத்துப் பரிசீலித்துப் பன்னிரண்டு வாரத்தில் காரணங்களோடு முடிவு சொல்ல வேண்டும். பணம் கொடு என்று நீதிமன்றம் நேரடியாகச் சொல்லவில்லை. ரிட் மனுவில் பெரும்பாலும் இப்படித்தான்: மறுத்த கையிடமே கோப்பு திரும்பிப் போகும், இந்த முறை இன்ன காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடு. ஜெயித்துவிட்டோம் என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிட்டு, பணம் எப்போது வரும் என்று அவர் கேட்கும்போது விழிக்கிற சங்கடம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

பணம் வந்தது. அவசரம் என்பதை ஒப்புக்கொண்டு, மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தின் கட்டண விகிதப்படி கணக்கிட்டுக் கொடுத்தார்கள். பில்லில் பாதிக்கும் குறைவு. விதி அதுதான், அதை எதிர்த்து மறுபடியும் போக எனக்குச் சட்டக் காரணம் கிடைக்கவில்லை. மருத்துவமனைக்குக் கட்டுவதற்காக அடகு வைத்த நகை மூன்று வருஷ வட்டியைத் தின்றுவிட்டிருந்தது. அந்த வட்டியைப் பற்றி உத்தரவில் ஒரு வார்த்தையும் இல்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இந்தக் கார்டு வைத்திருப்பவர் இருந்தால் ஒன்று சொல்லி வையுங்கள். அவசரமாக எங்கே சேர்த்தாலும், அன்றைக்கே, அது ஞாயிறானாலும் பொங்கலானாலும், பாலிகிளினிக்கின் மின்னஞ்சலுக்கு நோயாளியின் பெயர், கார்டு எண், சேர்த்த நேரம், மருத்துவமனை இவற்றை எழுதி ஒரு தகவல் அனுப்பிவிடுங்கள். அனுப்பியதற்கான பிரதியை எடுத்து வையுங்கள். அவசரச் சிகிச்சை என்று டாக்டரிடம் கையெழுத்தோடு ஒரு சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஓலைப்பெட்டியில் அப்படி ஒரு மின்னஞ்சல் பிரதி இருந்திருந்தால், கால தாமதம் என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது.