மில் ஃபிட்டரும் ஜன்னல் பட்டையும்

அமெரிக்க வீட்டு ஜன்னல்களில் பலவற்றில் நம் ஊர் போல மரக்கதவு, கொக்கியெல்லாம் இருக்காது. கண்ணாடிக்கு உட்புறம் பட்டை பட்டையாக பிளைண்ட்ஸ் தொங்கும். ஓரத்தில் இருக்கும் குச்சியைத் திருகினால் பட்டைகள் சாயும், வெளிச்சம் கூடும், குறையும். என்றாவது ஒருநாள் குச்சி மட்டும் சும்மா சுற்றும், பட்டை அசையாது. பலர் மொத்தத்தையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். கெட்டுப்போனது தீப்பெட்டி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் சாமான்தான்.

கோவையில் பஞ்சாலை ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மகளும் மருமகனும் வாங்கியிருந்தது பழைய வீடு, பிளைண்ட்ஸும் பழசு. ஹாலில் ஒன்று, பேத்தியின் அறையில் ஒன்று வேலை செய்யவில்லை.

“விடுங்கப்பா, புதுசு வாங்கிக்கலாம்.”

“கழட்டியே பாக்காம எப்படிம்மா புதுசு வாங்கறது?”

ஹாலில் இருந்ததைக் கழற்றி மேஜையில் கிடத்தினார். மேலே தகரச் சட்டம், அதற்குள் நீளமாக ஒரு கம்பி. கம்பி உருண்டால் ஏணி போலப் பின்னிய நூல்கள் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, பட்டைகளைச் சாய்க்கின்றன. குச்சியின் சுழற்சியைக் கம்பிக்குக் கொடுப்பது அந்தச் சின்னப் பெட்டி. டில்டர் என்று பெயர். திறந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். உள்ளே வார்ம் கியர்! திருகாணி போன்ற ஒன்று பல்சக்கரத்தைத் திருப்பும். சக்கரத்தால் திருகாணியைத் திருப்ப முடியாது. அதனால்தான் பட்டைகள் விட்ட இடத்திலேயே நிற்கின்றன. சக்கரத்தின் பற்கள் மழுங்கியிருந்தன. பட்டை முழுக்கச் சாய்ந்த பிறகும் குச்சியை முறுக்கினால் பிளாஸ்டிக் பல் என்ன செய்யும்? வெயில் சூடு வேறு.

புதிய டில்டர் வாங்குவதில் ஒரே கவனம்தான் தேவை. கம்பி நுழையும் துளை பொருந்த வேண்டும். சதுரம், அறுகோணம், ஆங்கில ‘டி’ வடிவம் என்று கம்பிகள் பலவிதம். சட்டத்தின் உயரமும் மாறும். பெரியவர் ஸ்கேல் வைத்து அளந்தார். சதுரக் கம்பி, கால் அங்குலம். மகள் ஆன்லைனில் இரண்டு வாங்கித் தந்தாள். கம்பியைப் பக்கவாட்டில் நகர்த்தி, பழசை எடுத்து, புதுசை வைத்து, பட்டைகள் படுத்தவாக்கில் இருக்கும்போது கம்பியை உள்ளே செலுத்தினார். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

பேத்தியின் அறையில்தான் சிக்கல். அங்கே குச்சிக்குப் பதில் இரண்டு கயிறுகள். “இதுக்கும் குச்சி வச்சதையே மாட்டிடறேன்” என்றார். மகள் ஒப்பவில்லை. “பட்டையை மேல தூக்கற கயிறு அப்படியேதானேப்பா தொங்கும்?”

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. பிளைண்ட்ஸ் போன்ற ஜன்னல் மறைப்புகளின் கயிறு கழுத்தில் சுற்றி, 5 வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகள் சராசரியாக ஆண்டுக்கு 9 பேர் இறப்பதாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவருகிறது. சத்தமே கேட்காது, சில நிமிடங்கள் போதும். 2018 டிசம்பரில் வந்த தர விதிப்படி, கடையில் தயாராக விற்கும் பிளைண்ட்ஸில் கயிறு இருக்கக் கூடாது, அல்லது எட்டாதபடியோ மிகக் குட்டையாகவோ இருக்க வேண்டும். இந்த வீட்டில் தொங்கியவை அதற்கு முந்தியவை.

“மேல ஆணி அடிச்சு சுத்தி வச்சிடலாம்மா.”

“தொட்டில் மேல ஏறி நிக்கறாப்பா அவ.”

பெரியவர் பதில் பேசவில்லை. பழுது பார்ப்பதே சரி என்று வாழ்ந்தவருக்கு இது சுலபமில்லை. சிறிது நேரம் கழித்து எழுந்து, தொட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டார். கயிறில்லாத புதுசு வந்ததும் அவரே மாட்டினார். ஹாலிலும் மற்ற அறைகளிலும் தொங்கிய தூக்குக் கயிறுகளை உயரத்தில் சுற்றிக் கட்டினார். அவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிவிடுவதாக மகள் சொன்னாள்.

மாட்டாமல் மிஞ்சிய டில்டரை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மேலே ‘சதுரம், கால் அங்குலம்’ என்று எழுதி மருமகனிடம் கொடுத்தார்.