ரெண்டு மோட்டார்

போன மாதம் ஒரு தம்பி பென் டிரைவோடு வந்தான். அண்ணன்மார் கதை உடுக்கைப் பாட்டு, 40 நிமிஷ டேக். "கடைசியில உடுக்கை கொஞ்சம் பிந்துதுங்ணா. அங்கங்க வெட்டி முன்னாடி தள்ளி வெச்சுருங்" என்றான். இருபது வருஷத்துக்கு மேலாகக் குமாரபாளையத்தில் மாடி அறையில் பதிவு செய்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

குரல் லேப்டாப்பில், உடுக்கை ஃபோனில். அதைக் கேட்டதுமே நோய் தெரிந்துவிட்டது. முதலிலிருந்து ஒரே அளவு பிந்தினால் பஃபரைப் பார்க்கலாம். 44100-ல் பதிந்ததை 48000-ல் ஓட்டினால் முதல் வரியிலேயே சுருதி ஏறிக் காட்டிக்கொடுக்கும். போகப் போக விலகினால் க்ளாக்தான், வேறொன்றும் இல்லை.

இது எனக்குச் சும்மா வரவில்லை. அடோபி 2003-ல் வாங்கி ஆடிஷன் என்று பேர் மாற்றுமுன், கூல் எடிட் ப்ரோ காலத்தில், இரண்டு சவுண்ட் கார்டு சொருகி, நாலு டிராக் கிடைத்துவிட்டது என்று குதித்தேன். பாட்டு முடிவதற்குள் தவில் ஒரு பக்கம், நாதஸ்வரம் ஒரு பக்கம். மூன்று மாதம் டிரைவரை மாற்றினேன், ராம் கூட்டினேன், விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டேன்.

கீழ்வீட்டுப் பட்டறைத் தறி மேஸ்திரி ஒருநாள் மேலே வந்தார். ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய்க் கறை படிந்த விரலால் மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நிமிஷம் விரல் நின்றது. "ஏந்தம்பி, ரெண்டு தறியை ஒண்ணா ஓட்டிவுட்டா பொழுதுக்கும் ஒண்ணாவே அடிக்குமா? மோட்டாரு வேற வேற இல்ல?"

அவ்வளவுதான். ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனிப் படிகம்; இரண்டும் 44100 என்றுதான் சொல்லும், ஓடுவது மயிரிழை வித்தியாசத்தில். ஒரு இன்டர்ஃபேஸ் வாங்கி எல்லா மைக்கையும் அதிலேயே சொருகினேன். மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965-ல் கொங்கு நாட்டில் இதே கதையைப் பதிந்தது டேப்பில். பாட்டும் உடுக்கையும் ஒரே நாடாவில் ஏறினால் எங்கே விலகும்?

(தறிச் சத்தமா? மாதாந்திர மின்தடை நாளில்தான் பதிவு. ஊரே அடங்கும், லேப்டாப் பேட்டரியில் ஓடுவதால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் இருக்காது. மின்வாரியத்தை வாழ்த்துகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.)

தம்பியின் டேக்கில் இரண்டு பதிவையும் பொருத்திப் பார்க்கக் கைதட்டு அடையாளம் கிடையாது. இப்போது யார் தட்டுகிறார்கள்? பாடகர் மைக்கில் கசிந்திருந்த முதல் உடுக்கை அடியையும் கடைசி அடியையும் தேடிப் பிடித்தேன். முதல் அடியைப் பொருத்தினால் கடைசி அடி 120 மில்லி செகண்டு தள்ளி நின்றது, நிமிஷத்துக்கு 3. ஃபோன் டிராக்கின் நீளத்தை 99.995 சதவீதம் ஆக்கினேன். ஒரு வெட்டு இல்லாமல் 40 நிமிஷமும் ஒட்டிக்கொண்டது.

கூலி சொன்னேன். "ஒரே ஒரு நம்பரைத்தானுங்ணா மாத்துனீங்க?" என்றான்.