கடப்பாரைப் படி வரை

ஒரே நாளில் பர்வதமலை ஏறி இறங்க முடியுமா, ஐம்பதைத் தாண்டியவர்கள் ஏறலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியும், ஏறலாம். ஆனால், பாதியில் திரும்பி வந்த எங்கள் கதையையும் அவர் கேட்டுக்கொள்வது நல்லது.

எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டம், கலசபாக்கம் பக்கம். பிழைப்பு சென்னையில், கிண்டி தொழிற்பேட்டையில் லேத் வேலை. குடியிருப்பது ஈக்காட்டுத்தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே தாங்கல் பெயரில்தான் இருக்கிறது. மெட்ரோ ரயில் நிலையத்துப் படிக்கட்டுதான் நான் தினமும் ஏறும் மலை. என்னோடு பள்ளியில் படித்த சிநேகிதன் ஊரிலேயே இருந்து நெல்லும் கடலையும் போடுகிறான். கிணறு வற்றாமல் ஒரு போகம் கைகொடுத்தால் மலை ஏறுவதாக வேண்டிக்கொண்டிருந்தான். கிணறு கைகொடுத்தது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பௌர்ணமியில் கூட்டம் தாங்காது என்பதால் வேறு நாளாகப் பார்த்துக்கொண்டோம்.

மலை சுமார் 4,500 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை கோயில். அங்கே பக்தர்களே சுவாமியைத் தொட்டுப் பூசை செய்யலாம். ஏற இரண்டு வழி உண்டு. ஒன்று கடலாடி, இன்னொன்று தென்மாதிமங்கலம். நாங்கள் தென்மாதிமங்கலம் வழியாகப் போனோம். விடியற்காலை 5 மணிக்கு அடிவாரம். முதலில் படிக்கட்டு. அது முடிந்ததும் கரடுமுரடான பாறை வழி, இரண்டு பக்கமும் காடு. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுப் போனால் குரங்கு வந்து பறித்துக்கொள்ளும். முதுகுப் பைதான் சரி.

சங்க நூலான மலைபடுகடாம் நவிரமலை என்று சொல்வது இந்த மலையைத்தான் என்பார்கள். அதில் வரும் சேயாறுதான் நம் செய்யாறு. நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் 583 அடிப் பாட்டு அது. தினை, எள், அவரை, இஞ்சி என்று விளைச்சலைச் சொல்லிவிட்டு, பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பாம்பு இருக்கும், தினைப்புனம் காப்பவர்கள் கவணில் எறியும் கல் வந்து விழும், பார்த்துப் போங்கள் என்கிறது. மலை ஏறுகிறவனுக்கு முதலில் எச்சரிக்கை சொல்ல வேண்டும் என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

பயமெல்லாம் எனக்கு என்னைப் பற்றித்தான். நின்று வேலை செய்து முட்டி தேய்ந்தவன் நான். அவனோ வரப்பிலும் சேற்றிலும் நடப்பவன், எனக்கு முன்னால் விறுவிறுவென்று போனான். கடப்பாரைப் படிக்கு வந்ததும் நிலைமை மாறியது. செங்குத்தான பாறையில் கடப்பாரைகளை அடித்து, சங்கிலி கோத்திருக்கிறார்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கடப்பாரைமேல் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். அதற்கும் மேலே தண்டவாளப் படி, ஏணிப் படி எல்லாம் உண்டு. நாலைந்து கடப்பாரை ஏறியவன் அப்படியே நின்றான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. "கண்ணு இருட்டுதுடா" என்றான். கீழே பார்த்தால் பள்ளம். ஒரு கையால் சங்கிலியையும் மறு கையால் அவன் இடுப்பு வேட்டியையும் பிடித்தேன். பின்னால் வந்த இரண்டு இளைஞர்கள் அவன் காலை ஒவ்வொரு கடப்பாரையாக எடுத்து வைத்து இறக்கிவிட்டார்கள்.

நிழலில் படுக்க வைத்து, பையில் இருந்த உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைத் தண்ணீரில் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் உண்மை வந்தது. கடலை விழுது இறங்கும் பருவம், தண்ணீர் கட்டியே ஆக வேண்டும். மும்முனை மின்சாரம் ராத்திரியில்தான் வந்திருக்கிறது. இரண்டு மணி வரை மடை மாற்றிவிட்டு, தூங்காமல், விரதம் என்று காபிகூடக் குடிக்காமல் வந்திருக்கிறான். கொண்டுவந்தது ஒரு லிட்டர் தண்ணீர். அதையும் சாமிக்கு என்று தொடாமல் வைத்திருந்தான்.

அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தவன், "இன்னும் கொஞ்ச தூரம்தான், வா" என்றான். மாட்டேன் என்றேன். வேண்டுதல் என்றான். "உன் பெண்டாட்டிக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றேன். கோபத்தில் பத்து நிமிடம் பேசவில்லை. பிறகு சங்கிலி கோத்த கடப்பாரைக்குக் கற்பூரம் காட்டிவிட்டு இறங்கினான்.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கஷ்டம். என் முட்டி அங்கேதான் வேலையைக் காட்டியது. ஊன்றுகோல் இல்லாமல் வந்தது என் தவறு.

வாசகருக்கு: முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும். சர்க்கரைக்கு, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். நெஞ்சு அடைத்தால் ஒரு படிகூட மேலே வைக்க வேண்டாம். மழை நாளில் ஓடை திடீரென்று பெருகும், போகவே போகாதீர்கள். வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்ததும் மறுபடி போகலாம் என்கிறான். முதல் நாள் ராத்திரி மோட்டார் போடாதே என்றேன்.

"கரண்ட் எப்ப வரும்னு என் கையிலயா இருக்கு?" என்றான்.