செல்லின் சில்லறை

பஸ்ஸில் ஏறி ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் என்ன சொல்வார்? "சில்லறை இல்லையா?" என்று முறைப்பார். கையில் பணம் இருக்கிறது, ஆனால் டிக்கெட் வாங்க முடியாது. உடலில் உள்ள ஒவ்வொரு செல்லும் அந்தக் கண்டக்டர் மாதிரிதான்!

சாப்பிட்ட சோறு குளுக்கோஸாகி ரத்தத்தில் வந்து சேர்கிறது. அது பெரிய நோட்டு. தசை சுருங்கவும் நரம்பில் செய்தி ஓடவும் செல் கேட்பது ஏ.டி.பி. என்ற சில்லறையை. நோட்டைச் சில்லறையாக மாற்றும் வேலைக்குத்தான் செல் சுவாசம் என்று பெயர்.

முதல் கட்டம் செல்லின் சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. குளுக்கோஸ் இரண்டாக உடைகிறது, நிகர லாபம் 2 ஏ.டி.பி. மட்டுமே. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. மீதியெல்லாம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள். ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் கண்டறிந்த சுழற்சி அங்கேதான் சுற்றுகிறது. மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் இங்கிருந்து வருவதுதான். பழைய பாடப்புத்தகங்கள் ஒரு குளுக்கோஸுக்கு 36 அல்லது 38 ஏ.டி.பி. என்றன. இப்போதைய கணக்கு 30 முதல் 32 வரை.

இந்தச் சில்லறை எப்படி அச்சாகிறது? இங்கேதான் சுவாரஸ்யம். உணவிலிருந்து வந்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உள் சவ்வில் கை மாறி கை மாறிப் போகின்றன. அந்த ஓட்டத்தில் கிடைக்கும் ஆற்றல் ஹைட்ரஜன் அயனிகளைச் சவ்வின் மறுபக்கம் தள்ளுகிறது. கடைசியில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள நிற்பது, மூச்சில் இழுத்த ஆக்சிஜன். அது தண்ணீராக மாறுகிறது. ஆக்சிஜன் வராவிட்டால் வரிசையே நின்றுவிடும். சில நிமிடம் மூச்சு நின்றால் மூளை ஏன் பாதிக்கப்படுகிறது என்பதற்குப் பதில் இதுதான்.

மறுபக்கம் குவிந்த அயனிகள் அணையில் தேங்கிய தண்ணீர் மாதிரி. திரும்பி வர ஒரு மதகு உண்டு. அதன் வழியாகப் பாயும்போது அங்குள்ள புரதம் டர்பைன் போல நிஜமாகவே சுழன்று ஏ.டி.பி.யைத் தயாரிக்கிறது. இந்த அணைக் கருத்தை 1961இல் சொன்னவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் மிட்செல். அன்று பலர் நம்பவில்லை. அவர் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைப் பழுதுபார்த்து, அங்கேயே ஆய்வுக்கூடம் வைத்து ஜெனிபர் மோயலுடன் உழைத்தார். 1978இல் நோபல் பரிசு வந்தது.

சரி, அந்த அணையில் ஓட்டை விழுந்தால்?

இது கற்பனை அல்ல. டைநைட்ரோபீனால் (டி.என்.பி.) என்று ஒரு மஞ்சள் பொடி. முதல் உலகப்போரில் பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் அதைக் கையாண்ட தொழிலாளர்கள் வியர்த்துக் கொட்டி, மெலிந்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் டெயின்டர், கட்டிங் என்ற ஆய்வாளர்கள் அது எடையைக் குறைப்பதாக அறிவித்தார்கள். உடனே அமெரிக்காவில் விற்பனை சூடுபிடித்தது. கண்புரை வந்து பார்வை இழந்தவர்கள் உண்டு. உயிரிழந்தவர்களும் உண்டு. 1938இல் அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்த பிறகு அந்தக் கடை மூடப்பட்டது.

அந்தப் பொடி என்ன செய்கிறது என்பதை மிட்செலின் அணை தெளிவாக்கிவிட்டது. டி.என்.பி. ஹைட்ரஜன் அயனிகளைச் சுமந்துகொண்டு, மதகின் பக்கமே போகாமல், சவ்வின் ஊடாகவே இக்கரைக்குக் கொண்டுவந்து விடுகிறது. டர்பைன் சுற்றவில்லை. சில்லறை இல்லை. செல் பதறிப்போய் இன்னும் இன்னும் கொழுப்பை எரிக்கிறது. எடை குறைவது உண்மைதான்! ஆனால் எரிந்த ஆற்றல் எல்லாம் வெறும் சூடாகிறது. உடல் உள்ளிருந்தே வேகத் தொடங்கும். இந்த விஷத்துக்குத் தனி மாற்று மருந்தும் கிடையாது.

இதே ஓட்டையை இயற்கை அளவோடு வைத்திருக்கிறது. பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் ஒரு புரதம் அயனிகளைக் கசியவிட்டுக் குளிரில் சூடு தருகிறது. தேவை முடிந்தால் மூடிக்கொள்ளும். பொடிக்கு அந்த மூடி இல்லை.

1938இல் மூடிய கடை இணையத்தில் மறுபடி திறந்திருக்கிறது. "கொழுப்பைக் கரைக்கும்" என்ற பெயரில் இதை வாங்கிச் சாப்பிட்டு இறந்தவர்களில் கல்லூரி வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். பிரிட்டன் 2023இல் இதைக் கட்டுப்படுத்தப்பட்ட விஷங்களின் பட்டியலில் சேர்த்தது. ஜிம்மில் யாராவது மஞ்சள் பொடியையோ மாத்திரையையோ நீட்டினால், அந்த அணையை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடையை மெதுவாகக் குறைக்கலாம், அவசரமே இல்லை. செல்லுக்குச் சில்லறை மட்டும் நிற்கவே கூடாது.